மருதானையில் ஓடி மலையில் உறைந்த எண்ணெய்

புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் தம்பிமாருக்கும், அவர்களுக்கு நடுவில் துணிந்து வந்து நிற்கும் அந்த ஒரேயொரு தங்கச்சிக்கும்,

கொழும்பு மருதானைப் பக்கம் எனக்கு ஒரு பட்டப்பெயர் இருப்பது உங்களுக்குத் தெரியும். நான் கடைக்குள் வரும்போது நீங்கள் ஆளையாள் பார்த்து உதட்டைக் கடிப்பதைக் கண்டிருக்கிறேன். தேங்காய் எண்ணெய் பாஸ். தாராளமாகச் சிரியுங்கள், சிரிப்புக்கு இன்னும் வரி போடவில்லை. ஆனால் உங்கள் காதுக்கு வந்தது கதையில் பாதி. அதைச் சொன்னவன் சிரிப்பு வருகிற இடத்தில் நிறுத்தியிருப்பான். மீதியை நான்தான் சொல்ல வேண்டும், ஏனென்றால் மற்றவர்களுக்கு அது தெரியாது.

முதலில் நம்முடைய தொழிலின் லட்சணத்தைப் பார்ப்போம். ஷொக் அப்சோபர் என்பது ரோட்டுக் குழியின் அடி வண்டிக்குள் ஏறாமல் தாங்குகிற, கம்பெனிக்காரன் திறக்கவே கூடாது என்று மூடி அனுப்பிய சாமான். நாம் அதில் ஓட்டை போட்டு, பழைய ஒயிலை வடித்து, புதிய ஒயிலை ஊற்றி, வெல்ட் வைத்து அடைத்து, மேலே கறுப்புப் பெயின்ட் அடித்துப் புதுசு போலக் கொடுக்கிறோம். மற்ற ஊர்க்காரன் குப்பையில் எறிவதை நாம் இன்னும் மூன்று வருடம் ஓட வைக்கிறோம். இதில் பெருமைப்பட நியாயம் இருக்கிறது. எனக்கு இருந்தது கொஞ்சம் கூடுதலான பெருமை.

அந்தப் பெருமை எப்படி ஊதிப் பெருத்தது என்பதற்கு வெள்ளவத்தை ஐயாவின் கதையைச் சொல்ல வேண்டும். யாழ்ப்பாணத்து மனிதர், லண்டனில் வேலை செய்து ஓய்வுபெற்று வந்து, காலி வீதிக்கும் கடலுக்கும் இடையில் ஒடுக்கமான ஓர் ஒழுங்கையில் இருந்தார். அவரிடம் ஒரு பழைய பிரெஞ்சுக் கார். அதில் ஷொக் என்று தனியாக ஒன்றும் கிடையாது. ஒயில்தான் காரைத் தூக்கிப் பிடிக்கும், அதே ஒயில்தான் பிரேக்குக்கும் போகும். அதற்கென்று பச்சை நிறத்தில் ஓர் ஒயில் இருக்கிறது. ஐயா அதற்குள் கடையில் விற்கிற சாதாரண பிரேக் ஒயிலை ஊற்றிவிட்டார். உள்ளே இருந்த ரப்பரெல்லாம் ஊதிப்போய், கார் ஒழுங்கை நடுவில் வயிறு தரையில் முட்டப் படுத்துவிட்டது. முன்னால் நான்கு வீட்டுக் கார்கள் வெளியே வர வழியில்லை.

நான் போனபோது ஐயா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, பிழை காரில்தான் என்ற முகத்தோடு நின்றார்.

"நான் இருபத்தைஞ்சு வருசம் எஞ்சினியரா இருந்தனான் தம்பி. ஒரே டாங்கியில இருந்துதான் பிரேக்குக்கும் போகுது. அப்ப பிரேக்குக்குப் போறது பிரேக் ஒயில்தானே? இதில என்ன பிழை?"

"ஐயா சொல்றது சரி ஐயா. காருக்கு அது விளங்கேல்ல, அவ்வளவுதான்."

இந்தப் பதிலை நான் எத்தனை தேத்தண்ணிக் கடைகளில் எத்தனை தடவை திருப்பிச் சொல்லியிருப்பேன் என்று கணக்கில்லை. ஐயாவின் குரலை அப்படியே செய்து காட்டுவேன். படித்தவனுக்கு ஒயில் தெரியாது, ஒயிலைத் தெரிந்தவன் இங்கே இருக்கிறான் என்று நெஞ்சைத் தட்டுவேன். ஊருக்குத்தான் உபதேசம் என்பது அப்போது என் மண்டையில் ஏறவில்லை.

பிறகு நாட்டில் டொலர் இல்லாமல் போய், இறக்குமதி நின்ற காலம் வந்தது. புது ஷொக் வாங்க வழியில்லாததால் எல்லாரும் நம்மிடம் வந்தார்கள். வெளியே வண்டிகள் வரிசையில் நிற்க, உள்ளே ஒயில் பீப்பாய் வற்றிக்கொண்டு வந்தது. ஒரு நாள் அடியைத் தட்டினால் வெறும் சத்தம்தான் கேட்டது. முதலாளி கடையைக் கொஞ்ச நாளைக்குப் பூட்டுவோம் என்றார். நான் விடவில்லை. நான் இருக்கும்போது ஒயில் இல்லையென்று கடையைப் பூட்டுவதா?

கொட்டாஞ்சேனையில் என் வீட்டுக் குசினியில்தான் அந்த ஞானம் பிறந்தது. மனைவி தாச்சியில் தேங்காய் எண்ணெய் ஊற்றுவதைப் பார்த்தேன். விழுகிற விதம், அந்தத் தடிப்பு, எல்லாம் ஷொக் ஒயில் போலவே இருந்தது. மறுநாள் எங்கள் கடை வேனின் இரண்டு ஷொக்குகளில் அதை ஊற்றி அடைத்து, துறைமுகப் பக்கத்துக் குழி ரோட்டில் ஓட்டிப் பார்த்தேன். பட்டு. சத்தியமாகப் பட்டு. எனக்கே என்னைக் கட்டிப்பிடிக்க வேண்டும் போல இருந்தது.

நிறமில்லாமல் இருந்தால் பிடிபட்டுவிடும் என்று கொஞ்சம் சிவப்புக் கியர் ஒயில் கலந்து நிறம் மாற்றினேன். அதற்கு 'கலவை' என்று பெயர் வைத்தேன். முதலாளிக்குக்கூட உண்மையைச் சொல்லவில்லை. நான் கலக்கும்போது யாரும் உள்ளே வரக் கூடாது என்று சட்டம். இரத்மலானையில் கடை வைத்திருந்த ஒருவன் மூன்று தடவை வந்து, மீன் பணிஸ் வாங்கித் தந்து, கலவையின் விபரத்தைக் கேட்டான். நான் பணிஸைத் தின்றுவிட்டு, "அது கைப்பக்குவம் மச்சான், சொல்லித் தரேலாது" என்றேன். வெயிலுக்குள் நம்முடைய வண்டி ஒன்று கடந்து போனால் பின்னால் யாரோ வடை சுடுகிற வாசம் வரும். நாடு முழுக்கப் பசியோடு இருந்த காலமென்பதால் யாரும் அதைச் சந்தேகிக்கவில்லை, வயிற்றைத்தான் தடவினார்கள்.

எனக்கு வேலை பழக்கிய பெரிய பாஸ், மூத்த மெக்கானிக் ஒருவர் இருந்தார். ஷொக்கை அடைத்ததும் அடியில் ஒரு சொட்டுப் பெயின்ட் வைப்பார். இன்ன நிறம் என்றால் இன்ன ஒயில். ஏன் இந்த வீண் வேலை என்று நான் கேட்டதற்கு, "அடைச்ச பிறகு உள்ளுக்கு என்ன இருக்கெண்டு ஒருத்தனும் பாக்கேலாது. அடைச்சவன் சொன்னாத்தான் உண்டு" என்றார். முப்பது வருடம் நானும் அந்தச் சொட்டை வைத்தேன். கலவை வந்த பிறகு நிறுத்திவிட்டேன். என்ன நிறத்தில் வைப்பது?

கலவை ஏழெட்டு மாதம் ஓடியது. ஒரு முறைப்பாடு கிடையாது. கொழும்பில் விடிந்தாலும் சூடு, பொழுதுபட்டாலும் சூடு. பிழையான வேலையை ஒளித்து வைக்க இதைவிட நல்ல ஊர் இல்லை. நீங்கள் இப்போது போனில் வீடியோ பார்த்து வேலை பழகுகிறீர்கள், அதில் செய்கிறவன் கடைசியில் ஒரு சுற்று ஓட்டிக் காட்டிச் சிரிப்பான். அவனுடைய ரோட்டில் அது ஓடுகிறது என்பதற்குமேல் அதில் ஒன்றும் இல்லை. நானும் துறைமுக ரோட்டில் ஓட்டிப் பார்த்தவன்தான்.

ரொபட் வந்தது ஒரு வெள்ளிக்கிழமை. பொரளையில் நோயாளிகளை ஏற்றி இறக்குகிற வேன் வைத்திருந்தான். கொட்டாஞ்சேனைப் பையன், எனக்குப் பழக்கம்.

"பாஸ், முள்ளந்தண்டு உடைஞ்ச ஒராளை ஏத்தப் போறன். டொக்டர்மார் அசைக்கவே கூடாதாம். நாலு ஷொக்கையும் செஞ்சு தாங்க. பஞ்சு மாதிரி இருக்கோணும்."

"பஞ்சென்னடா பஞ்சு. கலவை போட்டுத் தாறன். ஆள் நித்திரை கொண்டே வருவான்."

அந்த இடத்தில் நான் கேட்டிருக்க வேண்டியது ஒரே ஒரு கேள்வி. எங்கே போகிறாய்? இரண்டு சொல். கேட்கவில்லை. கலவையின் புகழைக் கேட்டுத்தான் வந்திருக்கிறான் என்ற பூரிப்பில் இருந்தேன். சனிக்கிழமை மத்தியானம் வேலையை முடித்து, பெயின்ட் காய்வதற்குள் அனுப்பிவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை, எங்கள் கத்தோலிக்கக் கோயிலில் முதல் பூசைக்குப் போயிருந்தேன். பிரசங்கம் நடக்கும்போது சட்டைப் பைக்குள் போன் அதிர்ந்தது. ஒரு தடவை, இரண்டு தடவை, மூன்றாம் தடவையும். எழுந்து கோயில் வாசலுக்கு வந்து எடுத்தேன்.

"பாஸ், ஷொக் நாலும் இறுகிட்டுது. பின்னால ஏறி நிண்டு குதிச்சுப் பாத்தன், அசையுதே இல்ல."

"எங்கடா நிக்கிறாய்?"

"நுவரெலியாவுக்கு அங்கால, மலையில, தேயிலைத் தோட்டத்தில. நேத்துப் பின்னேரம் வந்து தொழிலாளர் லயத்துக்குப் பக்கத்தில விட்டன். வரும்போது நல்லாத்தான் வந்துச்சு. காலமை பாத்தா இப்பிடி. சரியான குளிர் பாஸ், வாயால புகை வருது."

குளிர் என்ற சொல் காதில் விழுந்ததும் எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. நன்றாகக் கவனியுங்கள், எல்லாம். நான்கு ஷொக்கின் உள்ளேயும் எண்ணெய் வெள்ளைக் கட்டியாக உறைந்து கிடப்பது கோயில் வாசலில் நின்றபடி எனக்குத் தெரிந்தது. அதை இளக்க என்ன செய்ய வேண்டும் என்பதும் தெரிந்தது. வாயைத் திறந்தேன்.

"புது சீல் அப்பிடித்தான். குளிருக்குக் கொஞ்சம் இறுகும். ஓட ஓட இளகும்."

"அப்ப ஆளை ஏத்தலாமா?"

"ஏத்து. மெதுவாப் போ."

இது முழுப் பொய்யென்றால்கூட மன்னிக்கலாம். ஓட ஓட ஷொக் சூடாகும், எண்ணெய் இளகும், அது உண்மைதான். எவ்வளவு தூரம் ஓட வேண்டும், அதுவரைக்கும் உள்ளே படுத்திருப்பவனுக்கு என்ன ஆகும் என்பதைத்தான் நான் சொல்லவில்லை. தொழில் தெரிந்தவன் பொய் சொன்னால் இப்படித்தான் சொல்வான், பாதி உண்மையைக் கலந்து, நிறம் மாற்றி. பிறகு நான் உள்ளே போய், வரிசையில் நின்று, நற்கருணையும் வாங்கினேன். வெட்கம் கெட்டவன்.

பூசை முடிந்து வழக்கமான தேத்தண்ணிக் கடைக்குப் போனேன். ஞாயிறு காலையில் தொழில்காரர் நாலைந்து பேர் அங்கே கூடுவோம். இரத்மலானைக்காரனும் அன்று இருந்தான். முதல் போன் வந்து ஒரு மணித்தியாலம் ஆகியிருக்கும், மறுபடி ரொபட்டின் நம்பர். எடுத்தால் ஒரு பெண் குரல்.

"அண்ணே, நான் வேன்ல படுத்திருக்கவரோட சம்சாரம் பேசுறேன். டிரைவரு வண்டிக்கு அடியில படுத்துப் பாத்துக்கிட்டு இருக்காரு. அண்ணே, எங்க வீட்டுக்காரரு கத்துறாருண்ணே. கை மெஷின்ல மாட்டினப்பகூட கத்தாத மனுசன். ஒவ்வொரு குழிக்கும் கத்துறாரு."

அவளுக்குப் பின்னால் ஓர் ஆணின் முனகல் கேட்டது. சொல் ஒன்றும் இல்லை, மூச்சை இழுத்து இழுத்து விடுகிற சத்தம்தான்.

"டிரைவரு ஷொக்கு ஒடஞ்சிருச்சின்னு சொல்றாரு. நீங்க இளகும்னீங்களாம். மெயின் ரோட்டுக்கே இன்னும் பாதி வழி கெடக்குண்ணே. அதுக்குள்ள என்னா எண்ணெ ஊத்தினீங்கன்னு மட்டும் சொல்லுங்க."

கடையில் எல்லாரும் என் பக்கம் திரும்பிவிட்டார்கள். அவள் குரல் போனுக்கு வெளியே எல்லாருக்கும் கேட்டது. திரும்பிப் போகச் சொல்லலாமா என்று யோசித்தேன், அதே ரோட்டால்தான் திரும்ப வேண்டும். வேறு வண்டி பிடிக்கச் சொல்லலாமா? ஞாயிற்றுக்கிழமை காலையில் அந்தத் தோட்டத்துக்கு எந்த வண்டி வரும்? அப்போதும் நான் என் பெயரையும் காப்பாற்றிக்கொண்டு வேனுக்குள் கிடப்பவனைக் காப்பாற்ற ஒரு வழி இருக்கிறதா என்றுதான் தேடினேன். இதை எழுதக் கூசுகிறது. ஆனால் நடந்தது அதுதான்.

"அது வந்து தங்கச்சி, ஒரு ஸ்பெஷல் கலவை..."

"அண்ணே, பேரச் சொல்லுங்கண்ணே."

"தேங்காய் எண்ணெய்."

இந்தப் பக்கம் இரத்மலானைக்காரன் வாய்க்குள் இருந்த தேத்தண்ணியை மேசையில் துப்பினான்.

"தேங்கா எண்ணெயா?" என்றாள் போனில் அவள். "காலையில தலைக்கு வைக்கவே போத்தல அடுப்புக்கிட்ட வெச்சித்தானே எடுக்குறோம். இங்க சின்னப் புள்ளைக்கும் தெரியுமே." பிறகு போனைக் கையில் வைத்துக்கொண்டே யாரையோ கூப்பிட்டாள். "ஏய், லயத்துக்கு ஓடிப் போயி சுடுதண்ணி கேளுங்க. எல்லா வீட்டுலயும் கேளுங்க. கேத்தலோட கொண்டாரச் சொல்லுங்க."

என்ன செய்ய வேண்டும் என்று விளக்க நான் வாயெடுத்தேன். அவளுக்கு அது தேவைப்படவில்லை. போன் வெட்டுப்பட்டது.

பிறகு நடந்ததை ரொபட் சொல்லித்தான் அறிந்தேன். பக்கத்து லயத்துப் பெண்கள் தேத்தண்ணிக்கு வைத்த கேத்தல்களோடு ஓடி வந்திருக்கிறார்கள். ஒவ்வொரு ஷொக்கிலும் சாக்கைச் சுற்றி, மேலே கொதிநீரை ஊற்றியிருக்கிறார்கள். கால் மணித்தியாலத்தில் வண்டி அசைந்து கொடுத்தது. வழியில் இரண்டு கடைகளில் நிறுத்தி மறுபடி ஊற்றி, கினிகத்தேனையைத் தாண்டி மலை இறங்கியதும் சூடு வந்து தானாகவே இளகிவிட்டது. அதுவரைக்கும் என்னுடைய பட்டு ஒரு தோட்ட ரோட்டில், உடைந்த முள்ளந்தண்டுக்குக் கீழே, கட்டைபோலக் கிடந்திருக்கிறது.

தேத்தண்ணிக் கடையில் ஒரே சிரிப்பு. இரத்மலானைக்காரன் தான் வாங்கித் தந்த மூன்று மீன் பணிஸையும் திருப்பிக் கேட்டான். "அடுத்த தரம் கொஞ்சம் கடுகும் கறிவேப்பிலையும் போடுங்க பாஸ்" என்றான் இன்னொருவன். அங்கேயே பெயரும் வைத்துவிட்டார்கள். நானும் சேர்ந்து சிரித்தேன், சிரிக்காமல் என்ன செய்வது? உங்களுக்குக் கதை சொன்னவர்கள் இந்த இடத்தில்தான் நிறுத்துவார்கள். பிழை சொல்ல மாட்டேன், அவர்கள் அந்தப் பின்னேரம் அவரைக் கொண்டுவந்த கொழும்பு ஹொஸ்பிட்டலுக்கு வரவில்லை.

நான் போனேன். வாசலில் இரண்டு மணித்தியாலம் நின்றேன். வேன் வந்து நின்றதும் பழக்க தோஷத்தில் முதலில் பின்பக்கத்தை அமத்திப் பார்த்தேன், அது பதமாக இறங்கி ஏறியது. இறுகி நின்றபோது சீல்கள் கிழிந்து, நாலு சக்கரத்துக்குப் பக்கத்திலும் எண்ணெய் கசிந்திருந்தது. அதற்குப் பிறகுதான் உள்ளே இருப்பவரைப் பார்க்க வேண்டும் என்று தோன்றியது. என் புத்தியின் வரிசை அப்படி.

அவர் பெயர் சிவலிங்கம். தேயிலை ஃபெக்டரியில் மெஷின் வேலை செய்கிறவர், நம்மைப் போலக் கையில் கிரீஸ் ஊறியவர். மேல்தட்டில் ஏதோ பழுது பார்க்க ஏறி, ஏணி சரிந்து விழுந்தாராம். பலகையில் கட்டி இறக்கும்போது கண்ணை மூடியிருந்தார். ரொபட் குனிந்து, ஷொக் செய்த பாஸ் வந்திருக்கிறார் என்றான். கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். மனைவி தலைமாட்டில் நின்றாள். நான் மன்னிப்புக் கேட்கத் தயார்செய்து வந்த வார்த்தைகளைத் தொடங்கினேன். அவர் அதைக் கேட்கவில்லை, ஒன்றுதான் கேட்டார்.

"மொதத் தடவ டிரைவரு போன் பண்ணினாரே, அப்பவே தெரியுமா ஒங்களுக்கு?"

"ஓம். தெரியும்."

அவர் கண்ணை மூடிக்கொண்டார். மனைவி என்னைத் திட்டுவாள் என்று நின்றேன், திட்டினால் நன்றாக இருந்திருக்கும். அவள் போர்வையை இழுத்து அவர் கால்களை மூடிவிட்டு, பலகையோடு உள்ளே போய்விட்டாள்.

உங்களுக்கு நான் சொல்ல இருப்பது அதிகமில்லை. பிழை விடாதீர்கள் என்று சொல்ல எனக்கு வாயில்லை, விடுவீர்கள், நீங்கள் என்ன வானத்திலிருந்து குதித்தவர்களா? கையில் ஒயில் இல்லாத நாளில் ஏதாவது ஒன்றை ஊற்றத்தான் போகிறீர்கள். அதை ஷொக்கின் மேலே எழுதுங்கள். வண்டி எங்கே போகிறது என்று கேளுங்கள். அப்படியும் ஒரு நாள் போன் வரும், என்ன ஊற்றினாய் என்று. முதல் போனிலேயே சொல்லிவிடுங்கள். சொன்னால் உங்களைப் பார்த்துச் சிரிப்பார்கள், அதில் ஆள் சாவதில்லை. நான் பல வருடமாக வாங்கிக்கொண்டுதான் இருக்கிறேன்.

சிவலிங்கத்துக்கு ஒப்பரேஷன் நடந்தது. இப்போது நடக்கிறார். இடது பாதம் மட்டும் மேலே தூக்காது, தரையில் தேய்த்துத் தேய்த்துத்தான் வைப்பார். ஏணியில் ஏற முடியாததால் மெஷின் வேலை போய்விட்டது, ஃபெக்டரி வாசலில் லொறிகளுக்குக் கேட் திறந்து விடுகிறார். விழுந்தபோதே அந்த நரம்பு அடிபட்டதா, வரும் வழியில் அடிபட்டதா என்று டொக்டரிடம் கேட்டேன். இனி அதைப் பிரித்துச் சொல்ல முடியாது என்றார்.

ரொபட் நல்லவன். என்னைக் காணும்போதெல்லாம் ஆறுதல் சொல்வான். "விடுங்க பாஸ். உங்களாலதான் எண்டு ஒருத்தரும் சொல்லேலாதே."

ஓம். என்னால் இல்லை என்றும் ஒருத்தரும் சொல்ல முடியாது.